பன்னெண்டு வீல்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்பா கடைசியாக ஓட்டிய பன்னிரண்டு சக்கர லாரியை இப்போது 1:14 அளவில் வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன். ரிமோட்டில் ஓடும்.

அலுமினிய சேனலில் சேஸ், தனித்தனியாக வாங்கிய ஆக்சில், மோட்டார், சர்வோ. இதெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. பாடாய்ப்படுத்தியது முன்னால் திரும்பும் இரண்டு ஆக்சில்கள்தான். இரண்டையும் ஒரே அளவு திருப்பினேன். வளைவில் இரண்டாவது ஆக்சிலின் டயர் உருளாமல் தரையில் தேய்ந்தது.

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி இருக்கிறது கம்மியாத்தான்டா ஒடியணும்."

கணக்குப் போட்டேன். பின் ஆக்சில்களின் நடுவிலிருந்து முதலாவது 40 செ.மீ., இரண்டாவது 28 செ.மீ. அது 30 டிகிரி திரும்பினால் இது சுமார் 22 டிகிரிதான் திரும்ப வேண்டும். அப்போதுதான் எல்லாச் சக்கரமும் ஒரே மையத்தைச் சுற்றும். சர்வோவின் கையில் இரண்டாவது கம்பியை உள்பக்கத் துளைக்கு மாற்றினேன். அவ்வளவுதான்!

நேற்று மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒரே வளைவில் சுற்றி வந்தது. அப்பா குனிந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார்.

இனி பாடி கட்ட வேண்டும். நெற்றியில் என்ன பெயர் எழுதலாம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.