வாலில் ஒரு கிராம், மூக்கில் மூன்று

முட்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நண்பர் இன்னொரு முறை அழைத்தார். "பத்து மணிக்குள்ள போயிரும். இன்னைக்குத்தான் அதைத் தூக்கிக் கட்டப் போறாவ. அதைப் பாக்கலேன்னா நீரு போயும் பிரயோசனம் இல்லை" என்றார். அவர் நாகர்கோவிலில் பிளைவுட் கடை வைத்திருப்பவர். படகு கட்டிய தச்சர் ஒருவர் இரண்டு வருஷமாகக் கடைக்கு வந்து மெல்லிய பலகைகளாகத் தேடுகிறார், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார், என்ன வேலைக்கு என்று கேட்டால் ஏரோப்ளேனுக்கு என்கிறார் என்று போன மாதம் அவர்தான் சொன்னார். அன்றே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

கடியபட்டணம் பக்கம், அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் ஓலை வேய்ந்த கொட்டகை. வாசலிலேயே ரெசின் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே நடு உத்திரத்திலிருந்து இறங்கிய நைலான் கயிற்றில், இரண்டு அடுக்குச் சிறகுகளோடு ஒரு விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. சிறகின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டேகால் மீட்டர். வெள்ளைத் துணி போர்த்திய உடம்பு. மூக்கில் மரத்தாலான விசிறி. கயிறு மெல்ல முறுக்கவிழ, விமானம் கடல் பக்கமும் கொட்டகைப் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் வால் இறங்கியிருந்தது. பெரியவர் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "வாங்க தம்பி, இரிங்க. அமரம் தாழுது பாத்தியளா?" என்றார்.

படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அவருக்கு விமானத்திலும் அவை அப்படித்தான்.

அது டைகர் மாத். இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1931-ல் பறக்கவிட்ட பயிற்சி விமானம். எட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய விமானப்படைக்காரர்களும் அதற்குப் பிறகு நம் ஊர் ஃப்ளையிங் கிளப்காரர்களும் முதல் பாடம் படித்தது இதில்தான். திருவிதாங்கூர் வானத்துக்கும் இதன் குடும்பத்தோடு உறவு உண்டு. 1935 நவம்பர் 1-ம் தேதி திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் இடையே தபால் போக்குவரத்தைத் தொடங்கிவைத்த டாடாவின் விமானம் ஃபாக்ஸ் மாத். டைகர் மாத்தின் பல பாகங்களை எடுத்து, பயணிகளுக்கு ஓர் அறை வைத்துக் கட்டியது அது. அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் தென்கோடி. சரியாக இருபத்தொரு வருஷம் கழித்து, அதே நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்தோம்.

மாதிரி விமானத்தின் அளவு நாலில் ஒன்று. நீளம் நாலில் ஒன்றானால் எடையும் நாலில் ஒன்றாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரியவரின் பேத்தி திருத்தினாள். அவள் விமானப் பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நீளம் நாலில் ஒன்று, சிறகின் பரப்பு பதினாறில் ஒன்று, எடையோ அறுபத்து நாலில் ஒன்று. ஆளும் எண்ணெயும் ஏற்றிய உண்மை டைகர் மாத் 828 கிலோ. அறுபத்து நாலால் வகுத்தால் பதின்மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. "அதுக்குள்ள நிக்கணும் சார். பாட்டா பத்துக்குள்ள நிறுத்திட்டாவ" என்றாள். குரலில் பெருமை. அன்றைய எடை 9 கிலோ 600 கிராம்.

பாட்டாவுக்கு வயது அறுபத்தாறு. அப்பனோடு கட்டுமரம் செதுக்கியவர். 1980-களின் தொடக்கத்தில் பிளைவுட் வள்ளம் கட்டும் பட்டறையில் சேர்ந்தார். குமரிக் கரைக்கு அந்தத் தொழில்நுட்பம் வந்த கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். பெல்ஜியத்திலிருந்து வந்த பாதிரியார் பியர் ஜிலே, படகு வடிவமைப்பு படித்தவர். பெரிய மரங்கள் அருகிவந்த காலத்தில், அலையடிக்கும் மணற்கரையிலிருந்தே இறக்கி ஏற்றக்கூடிய சிறு படகுகளை மீனவர்களோடு சேர்ந்து பிளைவுட்டில் உருவாக்கப் பாடுபட்டார். அந்தப் பாடுகளை எழுதிய அவரது ஆங்கில நூல் 1985-ல் நாகர்கோவிலிலிருந்தே வெளிவந்தது. 'சிறியது கடினமானது' என்பது தலைப்பின் பொருள். கொட்டகையில் நின்றபோது எனக்கு அந்தத் தலைப்புதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

அந்தப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோலத் தைத்து, உட்புறம் கண்ணாடி நார் நாடா ஒட்டி, ரெசின் பூசி இறுக்குவார்கள். இறுகியதும் கம்பியை நறுக்கிவிடலாம். "மூணு பேரு தூக்கிக் கரையில ஏத்தணும். ஒரு கிலோ கூடினா அவன் முதுகுல தெரியும். அதனால எங்க கைக்கு கனம் தெரியும் தம்பி. தராசு பொறவாக்கும்" என்றார். பிறகு முழுக்க ஃபைபரில் அச்சு வார்க்கும் படகுகள் வந்தன. அச்சுக்கு ஒருமுறை தச்சன் வேண்டும். அதன்பின் பூசுகிற ஆள் போதும். பெரியவர் ஜன்னல், கட்டில், சவப்பெட்டி என்று கிடைத்ததைச் செய்தார். பேத்தி கல்லூரியில் சேர்ந்து, சிறகுச் சட்டம் வெட்டத் தெரியாமல் ஒருநாள் பலகையோடு வந்து நின்றதுதான் தொடக்கம்.

மேஜையில் அடுத்த விமானத்துக்கான சிறகுச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. மீன் எலும்புபோல மெலிந்த துண்டுகள். எல்லாம் பால்சா மரம். ஈக்வடாரிலிருந்து வருவது. கட்டுமரத்துக்கு ஆகும் அல்பீசியாவை வைத்துப் பார்த்தாராம், கனம் கூடுதல் என்று விட்டுவிட்டார். ஒரு சட்டத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்ததே தெரியவில்லை. ஓரத்தில் பென்சிலால் 3.8 என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 4.1. இன்னொன்றில் 3.9. கிராம் கணக்கு. பால்சாவில் ஒரே பலகைக்குள்ளேயே கனம் மாறும். அதனால் ஒவ்வொன்றையும் நிறுத்து, இடப்பக்கம் ஒரு 3.8 போனால் வலப்பக்கமும் ஒரு 3.8 போகும்படி ஜோடி சேர்க்கிறார். துணி போர்த்தியதும் இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியாது.

இன்ஜின் பொருத்துவது, ரேடியோ ரிசீவர், வாலையும் சிறகையும் அசைக்கும் சின்ன மோட்டார்கள், இவற்றையெல்லாம் பேத்தி விளக்கினாள். அது அவள் பங்கு வேலை. நான் பார்க்க வந்தது தூக்கிக் கட்டுவதை.

பழைய விமானங்களின் மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கும் ஒரே நோய், வால் கனம். உண்மை டைகர் மாத்தின் மூக்கில் சுமார் 140 கிலோ எடையுள்ள இன்ஜின் உட்கார்ந்திருக்கும். அறுபத்து நாலால் வகுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரவேண்டும். இந்த மாதிரியில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினோ ஒன்றரைக் கிலோ. மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் பூசிய வர்ணம்கூடக் கணக்கில் வரும். வால் கனத்த விமானம் எழும்பியதும் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், கவிழும். அத்தனை உழைப்பும் பத்து வினாடியில் விறகாகிவிடும்.

இந்தச் சமநிலைத் தொல்லை அசல் விமானத்துக்கே இருந்தது. அதற்கு முந்தைய மாத் விமானங்களில் முன் இருக்கைக்கு நேர் மேலே மேல்சிறகு இருந்ததால், பாராசூட் கட்டிய ஆள் அவசரத்தில் வெளியேற முடியவில்லை. மேல்சிறகின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். தூக்கும் விசையும் முன்னால் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட, சிறகுகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். டைகர் மாத்தை மேலிருந்து பார்த்தால் தெரியும் அந்தச் சாய்வு அழகுக்கு வைத்ததில்லை. எடைக் கணக்கில் பிறந்தது. பெரியவரிடம் பேத்தி இதைச் சொன்னபோது, "அப்ப அவனுவளும் நம்மள மாதிரிதான் கெடந்து முழிச்சிருக்கான்" என்றாராம்.

அன்று இரண்டு பேரும் தனித்தனியே கணக்குப் பார்த்தார்கள். பேத்தி விமானத்தைக் கீழே இறக்கி, இரண்டு சக்கரத்துக்கும் வாலுக்கும் கீழே ஒவ்வொரு தராசு வைத்தாள். உடம்பு பறக்கும் நிலையில் மட்டமாக நிற்கும்படி வாலை உயர்த்தினாள். வால் தராசு 480 கிராம் காட்டியது. சக்கரத்திலிருந்து வால் தாங்கி 120 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால் 6. அதாவது எடையின் மையம் சக்கரத்துக்கு ஆறு சென்டிமீட்டர் பின்னால். இருக்க வேண்டியது ஐந்தில்.

பெரியவர் மறுபடி கயிற்றில் ஏற்றினார். கயிறு கட்டிய இடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூல் உடம்பைக் கடக்கும் கோட்டைப் பென்சிலால் குறித்தார். கயிற்றை வேறோர் இடத்தில் மாற்றிக் கட்டி மறுபடி நூல், மறுபடி கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் மையம். பேத்தி போட்ட புள்ளிக்கும் இவர் கோடுகள் வெட்டிய இடத்துக்கும் நான்கு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் நோட்டை மூடினாள். அவர் இழைப்புளியை எடுத்தார்.

ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரவேண்டும். மூக்கில் ஈயம் கட்டினால் 240 கிராம். வாலில் குறைத்தால் 83 கிராம் போதும். தூரம் செய்கிற வேலை இது. வாலில் கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் தண்டம் கட்ட வேண்டும். கொட்டகை மூலையில் வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "ஈயம் வச்சா சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா அது பறவைக்குக் கல்லைத் தின்னக் குடுக்கதாக்கும்" என்றார்.

மதியம் வரை வாலோடு மல்லுக்கு நின்றார். தரையில் உரசும் இரும்புத் தாங்கியைக் கழற்றி மூங்கிலில் செய்து மாட்டினார். கிடைவாலின் உள்சட்டங்களில் துணியைப் பிரித்துத் துளைகள் போட்டார். கட்டைவிரல் நீளமே உள்ள இழைப்புளியால் ஓரங்களைச் சீவினார். சுருள்கள் ரோஜா இதழ்போலத் தரையில் விழுந்தன. எல்லாவற்றையும் கூட்டித் தராசில் வைத்தால் 61 கிராம். மீதிக்கு, இன்ஜினுக்கு மின்சாரம் தரும் பேட்டரியை இன்ஜினுக்கு அடியில் முன்தள்ளி வைத்தார்கள். ஈய டப்பா திறக்கப்படவே இல்லை. கயிற்றில் மறுபடி ஏற்றியபோது வால் எழுந்தது. மூக்கு ஒரு நூலளவு தாழ்ந்து நின்றது. "இப்பம் சொல்லுது" என்றார்.

சோறு சாப்பிட்டபடி விலை பற்றிக் கேட்டேன். இதுவரை கட்டிய விமானங்களை எல்லாம் நகரத்து இடைத்தரகர் ஒருவர்தான் எடுத்துப் போகிறார். கல்லூரி மாணவர்களின் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாகவும், ஆசைக்குப் பறக்கவிடும் வசதிக்காரர்களுக்கும் அவை விற்கப்படுகின்றன. ஒருமுறை சீனியர் மாணவர் ஒருவரின் பில்லைப் பேத்தி தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். பாட்டாவுக்குக் கிடைத்தது அதில் நாலில் ஒன்று. மரமும் பசையும் அந்த நாலில் ஒன்றுக்குள்தான். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. பெரியவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இந்தக் கரை இடைத்தரகரை அறியாத கரை அல்ல. பிடித்துவந்த மீனின் விலையைத் தரகரும் கடன் கொடுத்தவரும் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. மீனவர்கள் ஊர்தோறும் சங்கம் வைத்து ஏலத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1980-ல் அந்தச் சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பு உருவாகி, பிறகு படகு கட்டும் பட்டறைகளையும் நடத்தியது. கடலுக்குள் போகிறவனின் மீனுக்குக் கிடைத்த நியாயம், அவன் படகைக் கட்டிய கைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? 1910-ல் சென்னையில் ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் பறந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த விமானம் உருவானது சிம்சன் நிறுவனத்தின் வண்டிப் பட்டறையில். குதிரை வண்டி செய்த கைகள் கட்டியது. அந்தத் தச்சர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. நூறு வருஷம் தாண்டியும் அதையே செய்துகொண்டிருக்கிறோம். தச்சர் பட்டறைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் இடையே நேரடியாக ஒரு வழி வேண்டும். மாணவர் பட்டறைக்கு வந்து கற்கட்டும். கற்றதற்குத் தச்சருக்கு ஊதியம் போகட்டும். விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்டில் மாணவருக்கு மதிப்பெண் வரும். ஒரு கிராமின் கனம் அவருக்கு ஒருநாளும் தெரியவராது.

பங்குனியில் மறுபடி போனேன். கும்பப்பூ போகம் அறுத்து முடிந்த வயல், திருப்பதிசாரத்துக்கு அப்பால்; நடுவே டிராக்டர் ஓடி இறுகிய நீளமான தரை. இருபத்தைந்து கிலோவுக்கு உட்பட்ட, படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாதிரி விமானத்துக்கு 2021-ன் டிரோன் விதிகளில் வகைச் சான்றிதழ் கேட்பதில்லை. இடம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பேத்தி முந்தின நாளே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தாள். கடற்காற்று எழும்புவதற்கு முந்திய காலை நேரம். வரப்பில் கொக்குகள்.

இன்ஜின் பிடித்தது. டைகர் மாத் குலுங்கிக்கொண்டு ஓடி, வாலைத் தூக்கி, தரையை விட்டது. வெள்ளைத் துணியின் வழியே வெயில் புகுந்து உள்ளே சட்டங்களின் வரிசை நிழலாகத் தெரிந்தது. அவற்றின் ஓரத்திலும் பென்சில் எண்கள் எங்கோ இருந்தன. பெரிய வட்டம் ஒன்று, அதற்குள் சின்ன வட்டம் ஒன்று. ஐந்தாவது நிமிஷம் வயலைத் தடவிக்கொண்டு இறங்கியது. நண்பர் கைதட்டினார். சுற்றி நின்ற சிறுவர்கள் ஓடினார்கள்.

பெரியவர் அசையவில்லை. விமானத்தை விட்டுவிட்டுப் பேத்தியின் கையிலிருந்த கன்ட்ரோலரைத்தான் பார்த்தார். விமானம் மட்டமாகப் பறக்க வால் பலகையைச் சற்றே திருத்திக்கொள்ளும் பொத்தான் அதில் உண்டு. கணக்கு பிசகியிருந்தால் பத்து, பதினைந்து தடவை தட்டவேண்டி வரும்.

"எத்தனை தட்டுன மக்கா?"

"ரெண்டு, பாட்டா."

அவர் தலையை ஆட்டினார். பிறகுதான் விமானத்தை நோக்கி நடந்தார்.