குரலில்லாத பாட்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அடுத்த அறையில் மகன் கணினியில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நம் காதில் ஒரு பெண்குரல் விழுந்தது. மேலைநாட்டு ஓபரா முறையில் நன்கு பயின்ற குரல். பின்னால் முழு வாத்தியக் குழு. இரண்டடி கேட்டதுமே பேனா நின்றுவிட்டது. மெட்டு நாம் நன்கறிந்தது. குரல்தான் அறியாதது.

எழுந்துபோய்ப் பார்த்தோம். திரையில் ‘ஃபைனல் ஃபேண்டசி 6’. 1994இல் ஜப்பானில் சூப்பர் நின்டென்டோ கருவிக்காக வெளிவந்த ஆட்டம்; இசை நோபுவோ உயெமாட்சு. ஓபரா பாடகி மரியாவைக் கவர்ந்து செல்லப்போவதாக ஒருவன் அறிவித்துவிடுகிறான். அவளுக்குப் பதிலாக, போர்வீராங்கனையான செலஸ் மேடையேறிப் பாட வேண்டும். ஆடுகிறவர் பாட்டின் வரிகளை முன்கூட்டியே படித்து நினைவில் வைத்திருந்து, மேடையில் சரியான வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் காட்சி மறுபடியும் தொடங்கும். மனப்பாடச் செய்யுளில் தேறியவர்களுக்கு இது பெரிய சோதனை அன்று.

நாம் இதை முதலில் ஆடியது 2003இல், முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது. விடுதித் தோழர் ஒருவர் பழைய கணினியொன்று வைத்திருந்தார். அதில் எமுலேட்டர் வழியே இந்த ஆட்டம் ஓடும். அது அவருக்கு எப்படி வந்தது என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, உள்ளங்கை அளவு ஒலிபெருக்கிகளில் அந்தப் பாட்டை இரவு முழுவதும் கேட்டிருக்கிறோம்.

அன்று அதில் யாரும் பாடவில்லை. பாட வழியும் இல்லை. சூப்பர் நின்டென்டோவின் ஒலிப்பகுதிக்கு வாய்த்த நினைவகம் 64 கிலோபைட். இசையை இயக்கும் நிரல், சுரவரிசை, வாத்தியங்களின் ஒலித்துணுக்குகள், எதிரொலிக்கான இடம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலிப்பதிவு நொடிக்கு 1,76,400 பைட் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் இந்த நினைவகம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஒரு பெயரைச் சொல்லி முடிக்கக்கூடப் போதாது. ஆகவே செலஸ் வாயசைக்கும்போது வரிகள் எழுத்தாகத் திரையில் தோன்றின. குரல்போல் ஒலிக்கும் ஒரு சின்னத் துணுக்கு, சுரம் மாறி மாறி மெட்டை இழுத்துச் சென்றது. சொல் ஓரிடம், இசை ஓரிடம். இரண்டையும் சேர்த்துப் பாட்டாக்கியது ஆடியவரின் மனம்.

வகுப்பில் பரிபாடல் நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருவதுண்டு. பெரும்பாலான பாடல்களின் கீழே, பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் இருக்கும். ‘பண் பாலையாழ்’ என்று படித்துவிட்டு நிமிர்ந்தால் மாணவர்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாடிக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. சொல் வந்து சேர்ந்தது, இசை வழியிலேயே நின்றுவிட்டது.

மகன் ஆடிக்கொண்டிருந்ததில் அந்தக் குறை தீர்ந்திருந்தது. எப்படி என்று கேட்டதற்கு அரைமணி நேரம் விளக்கினான். ‘பையூ’ என்ற புனைபெயரில் இயங்கிய எமுலேட்டர் ஆசிரியர், எம்எஸ்யூ-1 என்றொரு கற்பனைப் பொறியை வகுத்தார். நின்டென்டோ அப்படியொன்றைத் தயாரித்ததே இல்லை. பழைய கருவியோடு குறுந்தகட்டுத் தரமான இசையைச் சேர்க்க ஒரு வழி இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கான விடை அது. முதலில் எமுலேட்டருக்குள் மட்டுமே வாழ்ந்தது. பிறகு எஸ்டி2ஸ்நெஸ் என்ற கேட்ரிட்ஜ் வழியாகப் பழைய கருவியிலேயே இயங்கத் தொடங்கியது.

அந்தக் கேள்வி வெறும் கற்பனையும் அன்று. சூப்பர் நின்டென்டோவுக்குக் குறுந்தகட்டு இணைப்பு செய்ய சோனி உடன்பட்டிருந்தது. 1991இல் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்த மறுநாளே, நின்டென்டோ பிலிப்ஸுடன் கைகோத்துக்கொண்டது. நின்டென்டோவின் ஒலிச்சில்லை வடிவமைத்த சோனியின் கென் குதராகிதான் பின்பு பிளேஸ்டேஷனை உருவாக்கினார். 1994 டிசம்பரில் அது ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. முறிந்துபோன அந்தச் சம்பந்தத்தின் பிள்ளையைத்தான் ரசிகர்கள் பல ஆண்டுகள் கழித்துத் தாங்களே பெற்றெடுத்துக்கொண்டார்கள்.

ஒட்டு என்று நாம் சொல்லக்கூடிய பேட்ச் கோப்பில் ஆட்டம் இராது. மூலத்தில் எந்தெந்த இடத்தில் எதை மாற்ற வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். மூலம் ஆடுகிறவரின் கையிலிருந்து வர வேண்டும். ‘இத்தனையாம் எண் பாட்டைத் தொடங்கு’ என்று ஆட்டம் ஒலிச்சில்லுக்குக் கட்டளையிடும் இடத்தைத் தேடிப் பிடித்து, அதே எண்ணுள்ள ஒலிப்பதிவுக் கோப்பு ஒலிக்கும்படி திருப்பிவிடுகிறார்கள். எந்த நொடியில் பாட்டு திரும்பச் சுழல வேண்டும் என்பதையும் கோப்பின் தலைப்பிலேயே குறித்துவிடுகிறார்கள். வாள் வீச்சு, கதவு திறப்பு முதலிய ஓசைகள் பழைய சில்லிலிருந்தே வரும். முன்பு எட்டுக் குரல்வழிகளை இசையும் இந்த ஓசைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வாள் வீசினால் ஒரு வாத்தியம் கணநேரம் வாய்மூடும். இப்போது அந்தத் தொல்லையும் இல்லை.

இவ்வளவு உழைப்பைக் கண்டு மகிழத்தானே வேண்டும்? நமக்கு ஏனோ நெஞ்சில் ஒன்று இடறியது. “இதுல உயிரே இல்லையேடா” என்று சொல்லிவிட்டோம்.

“நீங்க கேட்டதுல யாரும் பாடவே இல்லப்பா” என்றான்.

உண்மைதான். ஆனால் நாம் ஒரு குரலைக் கேட்டிருந்தோம்.

நம் அக்கா 2001இல் இறந்தார். தையல் இயந்திரத்தை மிதித்தபடி எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டிருப்பார். சொற்கள் இரா, மெட்டு மட்டும் நூலைப்போல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் குரலை யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. திருமணப் புகைப்படங்கள் உண்டு, குரல் இல்லை. 2003இல் அந்த விடுதி அறையில், வாயில்லாத அந்த இயந்திரம் சொல்லின்றி முனகியபோது நாம் கேட்டது யாரை என்பதைத் தோழரிடம் சொன்னதில்லை. மகனிடமும் இதுவரை சொன்னதில்லை. பயின்ற பாடகி ஒருத்தி வந்து அந்த இடத்தில் நின்று தெளிவாகப் பாடியதும், அக்கா எழுந்து போய்விட்டார். நம் குறை அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு ஒட்டுப் போட்டவர்கள்மேல் வழக்காட முடியாது. 1994லேயே ‘கிராண்ட் ஃபினாலே’ என்ற வாத்திய இசைத்தொகுப்பில் இதே பாட்டை மனிதக் குரலில் வெளியிட்டிருக்கிறார்கள். 2022இல் வந்த புதிய பதிப்பில் இந்தக் காட்சி பல மொழிகளில் பாடப்படுகிறது. ஆகவே குரல்தான் விருப்பம், முனகல் நெருக்கடியால் வந்தது. நெருக்கடி விட்டுவைத்த வெற்றிடத்தில் நம்மைப் போன்றவர்கள் குடிபுகுந்துவிட்டோம். வீட்டுக்காரர் திரும்பி வந்தால் காலி செய்யத்தானே வேண்டும்?

ஆனால் இங்கே யாரும் காலி செய்யச் சொல்லவில்லை என்பதை மகன் பிற்பாடு காட்டினான். ஒட்டுப் போடப்பட்ட ஆட்டம், பாட்டைத் தொடங்குமுன் அந்தக் கற்பனைப் பொறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் குறைப்பட்டுக்கொள்ளாமல் பழைய சில்லையே இசைக்கச் சொல்லும். நல்ல உரையாசிரியரும் இப்படித்தான். பக்கத்தை அவர் நிறைத்துவிட்டாலும், உரையை மூடிவிட்டுப் படிக்கிறவனுக்கு மூலம் அப்படியே கிடைக்கும்.

“பழசைக் கேக்கணுமாப்பா?” என்றான். ஒலிக்கோப்புகள் இருந்த இடத்தை மாற்றிவிட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்கினான். திரை இருண்டது. செலஸ் மாடத்துக்கு வந்து வாயசைத்தாள்.

அவனுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் சத்தம். கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும், “யாருப்பா பாடினாங்க?” என்று கேட்டான்.

அன்றைக்குத்தான் அவனுடைய அத்தையைப் பற்றி அவனிடம் முதன்முறையாக விரிவாகப் பேசினோம்.