பட்டுக் கொடியில் ஒரு தோல்வி

தலையணை உறையில் ரோஜாப்பூ தைக்கிறோம். மேஜை விரிப்பில் மயில் தைக்கிறோம். தோற்றுப் போன சண்டையின் பெயரை யாராவது பட்டில் தைத்து வைத்துக் கொள்வார்களா? வைத்துக்கொண்டிருக்கிறார்கள், சகோதரிகளே!

அட்லாண்டிக் சமுத்திரத்தில் நியூபவுண்ட்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. 1949இல்தான் அது கனடாவோடு சேர்ந்தது. அதற்கு ராயல் நியூபவுண்ட்லாந்து ரெஜிமெண்ட் என்று ஒரு பட்டாளம். இன்று அது கனடாவின் ரிசர்வ் படையைச் சேர்ந்தது. ஆபீசுக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களே ஒழிந்த வேளையில் பயிற்சி பெற்றுச் சிப்பாய்களாகவும் இருக்கிறார்கள்.

பட்டாளம் பெருமையோடு நினைக்க வேண்டிய யுத்தங்களின் பெயர்களை அதன் பட்டுக் கொடியில் பொறிப்பது அங்கெல்லாம் வழக்கம். நினைத்த பெயரையெல்லாம் தைத்துவிட முடியாது. அரசாங்கம் விருதாக வழங்க வேண்டும். இந்தப் பட்டாளம் பெற்ற பெயர்களில் கலிப்பொலி உண்டு, காம்ப்ரே உண்டு, போமான் ஹாமெலும் உண்டு.

போமான் ஹாமெல் பிரான்ஸிலுள்ள ஒரு கிராமம். 1916 ஜூலை 1ந் தேதி, காலை ஒன்பது மணிக்கு மேல், சுமார் 800 பேர் பதுங்கு குழிகளிலிருந்து எழுந்து நடந்தார்கள். எதிரே முள்கம்பி வேலி. அதற்கப்பால் இயந்திரத் துப்பாக்கிகள். அரைமணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்தான்!

இதைப் படித்ததும் எனக்குச் சேனாதிபதிகளின் ஞாபகம் வரவில்லை. தந்தி போய்ச் சேர்ந்த அன்று அந்தச் சின்னத் தீவில் எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றிற்று. தோல்வி என்பதற்காக அந்தப் பெயரை ஒதுக்கியிருந்தால், அந்தத் தாய்மார்களுக்கு என்ன பதில் சொல்வது? ஜெயித்தாலும் தோற்றாலும், போன பிள்ளை போனவன்தானே!

இன்றைக்கும் ஜூலை 1ந் தேதி கனடா முழுவதும் தேசியத் திருநாள் கொண்டாடுகிறது. நியூபவுண்ட்லாந்தில் மட்டும் காலையில் ஜனங்கள் சின்னஞ்சிறு நீலப் பூவை நெஞ்சில் குத்திக்கொண்டு, மாண்டவர்களை நினைத்து மௌனமாக நிற்கிறார்கள். கொண்டாட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மகாயுத்தத்தில் கல்லறை கூடத் தெரியாமல் போன அந்நாட்டவர் 800 பேருக்கு மேல். அவர்களில் பெயர் தெரியாத ஒரு வீரனை, 2024இல், பிரான்ஸிலிருந்து கொண்டுவந்து, அதே ஜூலை 1ந் தேதி செயின்ட் ஜான்ஸ் நகரிலுள்ள நினைவுச் சின்னத்தில் அடக்கம் செய்தார்கள். அவன் எந்த வீட்டுப் பிள்ளையோ! தெரியாததனாலேயே ஊரிலுள்ள ஒவ்வொரு வீடும் தன் பிள்ளை திரும்பி வந்ததாக நினைத்துக் கொள்ளலாம் அல்லவா?