சப்பாத்தும் சேற்றுக்காலும்

போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று சப்பாத்து. சொல்லோடு ஒரு கௌரவமும் வந்து ஒட்டிக்கொண்டது. காலுக்கு எது நலம் என்பது கேட்கப்படுவதில்லை; பார்ப்போர் கண்ணுக்கு எது அழகு என்பதே கேட்கப்படுகிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலைகளில் நாம் நாள்தோறும் காண்பது இது. வெள்ளைச் சப்பாத்து அணிந்த பிள்ளையே ஒழுங்கான பிள்ளை. வளரும் கால் ஓராண்டுக்குள் சப்பாத்தை மீறிவிடுகிறது. வேளாண்மை வெட்டி முடியும்வரை புதியது வாங்க வழியில்லை. விரல்களை மடக்கிக்கொண்டே பிள்ளை நடக்கிறது. முன்யோசனையுள்ள பெற்றோர் இரண்டளவு பெரியதை வாங்கி நுனியில் துணி அடைத்துக் கொடுப்பர். “சேர், புள்ள செருப்போட வரலாமா?” என்று கேட்ட தாய்மார் பலர். விதி இடம் தராமையால், சப்பாத்துக் கிழிந்த நாளில் பிள்ளை வீட்டில் நின்றுவிடுகிறது.

இத்தனையும் காலின் நன்மைக்காகவா? ராவ், ஜோசப் என்னும் இந்திய மருத்துவர் இருவர், நான்கு முதல் பதின்மூன்று வயதுவரையுள்ள 2,300 சிறுவரின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டனர். காலணியோடு வளர்ந்தோருள் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தோருள் 2.8 பேருக்கே. அதிலும் விரல்மூடிய சப்பாத்து அணிந்தோரிடையே அது மிகுதி. திறந்த செருப்பினரிடையே குறைவு.

அதற்காக வெறுங்காலின் பெருமையைப் பாட நாம் ஆயத்தமில்லை. பாடுவோர் பெரும்பாலும் சப்பாத்துக்குள் நின்றே பாடுகின்றனர். அதே பிள்ளையின் தந்தை வெறுங்காலோடு வயற்சேற்றில் இறங்குகிறார். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சலை உள்ளே விடுகிறது. 2008இல் மட்டும் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய் உள்ளவர்களெனச் சந்தேகிக்கப்பட்டனர். முழங்கால்வரை இறப்பர்ச் சப்பாத்து அணியுமாறு சொல்வது எளிது. உழுத சேறு அதைப் பிடித்துக்கொண்டு விடாது என்பது இறங்கியவனுக்கே தெரியும்.

உணர்விழந்த காலின் கதையோ வேறு. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளர்க்கென மருத்துவமனை அமைந்ததை இப்பகுதியார் அறிவர். நோயே விரல்களைத் தின்கிறது என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் போல் பிராண்ட், வலியறியாத கால் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்படுவதே கேட்டுக்கு மூலம் என்று காட்டினார். நுண்துளை இறப்பரால் மெத்தென்ற செருப்புகள் செய்யப்பட்டன. நீரிழிவால் கால் மரத்தோர்க்கும் இன்று வேண்டியது அத்தகைய செருப்பே. தேய்ந்த செருப்பினூடே முள் ஏறியதை இரத்தம் கண்ட பின்னரே அறியும் முதியவர்கள் நம் ஊர்தோறும் உள்ளனர்.

நாம் கேட்பது மிகச் சிறிது. பிள்ளை வாரிட்ட திறந்த செருப்போடு வகுப்பில் அமரட்டும். நீரிழிவுக் கிளினிக்கில் மருந்துச் சீட்டோடு செருப்புக்கும் ஒரு சீட்டு எழுதப்படட்டும்.