டேலி ஆனா போதுமா?

பி.காம் படிக்கிறவனுக்கு புரோகிராம் பத்தி எழுத என்ன தகுதின்னு கேக்குறீங்களா? இருக்குங்க :-) எங்க ஜர்னல் என்ட்ரியும் அவங்க கோடும் ஒரு வகையில சொந்தக்காரங்க. டெபிட்டை ஓரத்துல ஆரம்பிக்கணும், கிரெடிட்டை கொஞ்சம் உள்ள தள்ளி எழுதணும், கீழ ஒரு நரேஷன் போடணும். இப்படி எழுதலைன்னாலும் தொகை மாறாது. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு புரட்டிப் பாக்குற ஆடிட்டருக்கு தலை சுத்தும்.

கோடும் அப்படித்தான். பைத்தான் மாதிரி சில மொழிகளை விட்டுட்டா, வரியை எவ்வளவு உள்ள தள்ளி எழுதினாலும் கம்ப்யூட்டருக்குக் கவலையே இல்லை. அதெல்லாம் படிக்கிற மனுஷனுக்காக. அந்த அமைப்பே பொய் சொன்னா?

2014 பிப்ரவரியில ஆப்பிளுக்கு அதுதான் நடந்தது. ஐபோன்லயும் மேக்லயும், எதிர்முனையில இருக்குற சர்வர் நிஜமானதுதானான்னு கையெழுத்தைச் சரிபார்க்கிற பகுதி. அதுல 'கோடூ ஃபெயில்'ங்கிற வரி அடுத்தடுத்து ரெண்டு தடவை இருந்தது. சி மொழியில 'இஃப்'க்கு அடைப்புக்குறி போடலைன்னா, அடுத்த ஒரே ஒரு கட்டளைதான் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படும். ரெண்டாவது வரி நிபந்தனையே இல்லாம ஓடும். ஆனா அதுவும் அதே அளவு உள்ள தள்ளி இருந்ததால, கண்ணுக்கு 'இஃப்'க்குள்ள இருக்குற மாதிரியே தெரிஞ்சது! விளைவு, கடைசி சோதனையைத் தாண்டிக் குதிச்சு "எல்லாம் சரி"ன்னு பதில். நடுவுல புகுந்த திருடன் "நான்தான் உங்க பேங்க்"னு சொன்னாலும் போன் நம்பியிருக்கும். பிப்ரவரி 21 அன்னிக்கு ஐஓஎஸ் 7.0.6 விட்டாங்க. மேக்குக்கு இன்னும் நாலு நாள் ஆச்சு.

மனுஷக் கண்ணு தவறவிட்ட இதை மெஷின் சுலபமா பிடிக்கும். சந்தேகமான கோடைக் காட்டிக் கொடுக்குற 'லின்ட்'டை பெல் லேப்ஸ்ல ஸ்டீஃபன் ஜான்சன் 1970கள்லயே எழுதிட்டார். 2009ல வெளிவந்த கோ மொழியில அடைப்புக்குறி கட்டாயம், கோடை ஒரே சீரா அடுக்கித் தர 'கோஎஃப்எம்டி' கருவியும் உண்டு. 2016ல வந்த ஜிசிசி 6 கம்பைலர், ஏமாத்துற மாதிரி உள்ள தள்ளின வரியைப் பாத்தா எச்சரிக்கும்.

அப்போ எல்லாத்தையும் டூல்கிட்ட விட்டுடலாமா? ஐ.டி படிக்கிற நண்பன் ஒருத்தன் "டூல் பச்சை காட்டிருச்சு, இனி யாரும் படிக்க வேணாம்"ங்கிறான். இங்கதான் என் சப்ஜெக்ட் வருது. புது மெஷின் வாங்கின பணத்தை ரிப்பேர் செலவுல எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகும். ஆனா லாபம் தப்பு! அதே மாதிரி, மாச வட்டி போட வேண்டிய இடத்துல வருஷ வட்டியைப் போட்ட கோடும் அழகா அடுக்கி, ஒரு எச்சரிக்கையும் இல்லாம ஓடும். கடன் வாங்கினவர் பாக்கெட்தான் காலியாகும்.

அதனால, இடைவெளி சண்டையை மெஷின் தீர்த்து வைக்கட்டும். அதுல மிச்சமாகுற நேரத்துல, இந்தக் கணக்கு நியாயமான்னு ஒரு மனுஷன் உக்காந்து படிக்கட்டும். அவன் படிக்கிற மாதிரி எழுதி வைக்கிறது நம்ம பொறுப்பு. நரேஷன் எழுதாதவனுக்கு எங்க சார் மார்க் குறைக்கிறது நியாயம்தான்னு இப்போ தோணுது.