சூளைக்குப் போகாத மண்

சுட்டு மெருகேற்றிய பின்னரே மண்ணுக்கு விலை. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைக் கண்டு வளர்ந்த ஸ்ரீமுஷ்ணத்து மக்களாகிய நாங்கள் இதனை அறிவோம். இத்தாலியிலோ, 1967-இல் சில இளங்கலைஞர்கள் மண்ணையும் நிலக்கரியையும் கந்தலையும் அப்படியே காட்சிக்கு வைத்தனர். திறனாய்வாளர் ஜெர்மானோ செலாந்த் அதற்கு 'ஏழ்மைக் கலை' என்று பெயரிட்டார். மாணவர் கிளர்ச்சியும் ஆலை வேலைநிறுத்தமும் அந்நாட்டை உலுக்கிய காலம் அது. விலைபோகாத பொருளால் வணிகத்தை மறுப்பதே நோக்கம். அருங்காட்சியகங்களோ அவற்றையும் வாங்கிக்கொண்டன.

1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரின் குழுவினர், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைத்து, ஓவியத்தைச் சந்தையின் பிடியிலிருந்து காத்தனர். இவ்வழியே நேர்மையானது என்பது எங்கள் எண்ணம்.

பிஸ்தொலெத்தோ படைத்த 'கந்தல்களின் வீனஸ்' சிலையின் பெரிய வடிவம் 2023 ஜூலையில் நேப்பிள்ஸ் நகரச் சதுக்கத்தில் எரிந்துபோயிற்று. தீயிட்டதாகத் தண்டிக்கப்பட்டவர் வீடற்ற ஓர் ஏழை. சிலை மறு ஆண்டே புதிதாய் எழுந்தது.