சுசீந்திரத்து ஓலைக் கொழுக்கட்டை

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் யாத்திரிகர்களைச் சுசீந்திரத்தில் முதலில் அழைப்பது ஏழு நிலைக் கோபுரம். திருக்கார்த்திகையன்று சென்றாலோ, அடுக்களைகளிலிருந்து வரும் மணமே முந்திக்கொள்ளும். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்த் துருவல், ஏலக்காய், சுக்கு இவற்றைப் பிசைந்து, பனங்குருத்தோலையில் பொதிந்து கட்டி, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஓலையின் வாசனை மாவில் ஊறுவதே இதன் ருசி. கடல் கடந்த பிலிப்பைன் தீவினரும் பசையரிசியை இப்படியே ஓலையில் பொதிந்து, ‘சுமான்’ என்கிறார்கள்.

ஆனால், நேயர்களே, ஓலை வெட்டிக் கருப்பட்டி காய்ச்சிய பனைத் தொழிலாளிக்குக் கோயிலுக்குள் புக வெகுகாலம் அநுமதியில்லை. சுற்று வீதிகளில் நடக்கும் உரிமைக்காகவே 1926-ல் இங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கதவைத் திறந்தது. கருப்பட்டி அதற்கு முன்னும் இனித்ததுதான். காய்ச்சியவரும் சந்நிதியில் நின்ற பிறகல்லவா கார்த்திகை நிறைந்தது!